ஆற்று மீனில் பாதி: வாஷிங்டன் சால்மன் பங்கீடு நியாயமா?

எவரெட்காரன்:
வாஷிங்டன் மாநிலத்து எவரெட்டுக்கு வந்து ஒன்பது வருடம். வாரநாளில் மென்பொருள், வாரக்கடைசியில் தூண்டில். போன இலையுதிர்காலத்தில் ஒரு ஆற்றங்கரையில் (பெயர் சொன்னால் கூட்டம் கூடிவிடும்) இருட்டோடு போய் இடம்பிடித்து நின்றேன். எத்தனை மீன், எந்தக் கொக்கி, எத்தனை மணி வரை என்று எனக்கு ஆயிரம் விதி. அடுத்த வளைவில் பழங்குடியினரின் செவுள் வலை. பொழுது விடிவதற்குள் அவர்கள் எடுத்தது நான் ஆயுளில் பிடித்ததைவிட அதிகம்.

அவர்கள் தப்பு செய்கிறார்கள் என்று சொல்லவில்லை, சட்டம் அப்படி. 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு எழுதினார்: பிடிக்கக்கூடிய சால்மன் மீனில் பாதி வரை, அரசோடு உடன்படிக்கை செய்துகொண்ட பழங்குடிகளுக்கு, மற்ற எல்லோருக்கும் மீதி. மாநில மக்கள்தொகையில் மிகச் சொற்பமானவர்களுக்குப் பாதி! இன்று மீன்வளத்தை மாநில அரசும் 20 பழங்குடிகளும் சேர்ந்து நிர்வகிக்கின்றன. ஒரே ஆற்றுக்கு இரண்டு எஜமான். பிறப்பை வைத்துப் பங்கு பிரிப்பது இன்னும் எத்தனை நாளைக்கு?

பழையஏடு:
கேள்வியே தலைகீழாக இருக்கிறது நண்பரே. யாரும் அவர்களுக்குப் பாதியைக் கொடுக்கவில்லை. கொடுத்தவர்கள் அவர்கள். நிலத்தைக் கொடுத்தார்கள், மீனைத் தர மறுத்தார்கள்.

1854 டிசம்பர் 26, மெடிசின் கிரீக். வாஷிங்டன் அப்போது மாநிலம்கூட இல்லை, வெறும் பிரதேசம். ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் அவசரமாக ஊர் ஊராகப் போய் உடன்படிக்கை எழுதி வாங்குகிறார். பேச்சு நடந்தது சினூக் ஜார்கன் என்ற சந்தைமொழியில். மொத்தம் 300 சொல் தேறும். பண்டமாற்றுக்கு உதவும் மொழியில் ஒரு நாட்டையே கிரயம் பேசினார்கள். அதில் பழங்குடிகள் விடாப்பிடியாக நின்று வாங்கிய ஒரு வரி: தாங்கள் வழக்கமாக மீன் பிடிக்கும் இடங்களிலெல்லாம், பிரதேசத்தின் எல்லாக் குடிமக்களோடும் பொதுவாக, மீன் பிடிக்கும் உரிமை.

1905இல் வினான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது: உடன்படிக்கை என்பது பழங்குடிகளுக்கு உரிமை வழங்கிய பத்திரம் அல்ல, அவர்களிடமிருந்து உரிமை பெற்ற பத்திரம். எழுதிக் கொடுக்காதது அவர்களிடமே இருக்கிறது.

பிறப்பு என்கிறீர்களே, அதுவும் இல்லை. கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் சினூக் மக்களைப் பாருங்கள். சால்மனின் ராஜாவான சினூக் மீனுக்கே அவர்கள் பெயர்தான். 2001இல் மத்திய அரசு அவர்களுக்கு அங்கீகாரம் கொடுத்து 2002இல் பிடுங்கிக்கொண்டது. போல்ட் தீர்ப்பின் பங்கில் அவர்களுக்கு ஒரு மீன்கூட இல்லை. பிறப்புதான் கணக்கு என்றால் முதல் பந்தியில் உட்கார வேண்டியவர்கள் அவர்கள். இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தம்.

எவரெட்காரன்:
சரி, ஒப்பந்தம் என்றே வைத்துக்கொள்வோம். "பொதுவாக" என்றால் பாதி என்று எந்த அகராதியில் இருக்கிறது? ஊர்க் கிணறு பொது என்றால் எல்லோரும் இறைக்கலாம் என்று அர்த்தம். பாதித் தண்ணீர் ஒரு வீட்டுக்கு என்று அல்ல.

பழையஏடு:
மாநில அரசின் வாதமும் இதேதான். 1979இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. தீர்ப்பு எழுதிய நீதிபதியின் பெயரும் ஸ்டீவன்ஸ். ஒரு ஸ்டீவன்ஸ் எழுதி வாங்கியதற்கு 125 வருடம் கழித்து இன்னொரு ஸ்டீவன்ஸ் பொருள் சொன்னார்!

உங்கள் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தாத்தா கிணற்றடி நிலத்தை விற்கிறார், தண்ணீர் இறைக்கும் உரிமையை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறார். வாங்கியவர் பக்கத்திலேயே பத்து மோட்டார் போட்டு ராத்திரியோடு ராத்திரியாக உறிஞ்சிவிட்டு, "வாளியோடு வாருங்கள், பொதுக் கிணறுதானே" என்றால் ஒத்துக்கொள்வீர்களா? நடந்தது அதுதான். முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன் கடலிலேயே மற்றவர்களிடம் பிடிபட்டுவிடும். மிச்சம் ஆற்றுக்கு வரும்போது மீன் அருகுகிறது, பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லி ஆற்றில் வலை போட்ட பழங்குடியினரைப் பிடித்து உள்ளே போடுவார்கள். நிஸ்குவாலி ஆற்றில் பில்லி ஃபிராங்க் ஜூனியர் 1945இல் முதல் தடவை கைதானபோது அவருக்கு 14 வயது. அப்புறம் 50 தடவைக்கு மேல் கைது. 1964இல் ஹாலிவுட் நடிகர் மார்லன் பிராண்டோ புயலப் ஆற்றில் அவர்களோடு மீன் பிடிக்கப் போய்க் கைதானதால்தான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. உங்கள் ஆற்று வளைவில் வலை போட்டவரின் தாத்தாவும் அதே வலைக்காகச் சிறைக்குப் போயிருக்கலாம்.

இன்னொன்று, பாதி என்பது உச்சவரம்பு. அவர்கள் மிதமாக வாழ அவ்வளவு தேவையில்லை என்றால் குறைக்கலாம் என்று 1979 தீர்ப்பே சொல்கிறது. சடங்குக்கும் சாப்பாட்டுக்கும் பிடிப்பதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம் என்று போல்ட் விட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் அதையும் பாதிக்குள் சேர்த்தது.

தாமிரா:
எதில் பாதி என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

சேற்றுக்கால்:
தாமிரா கேட்டதுதான் கேள்வி. ஐந்தாறு வருடமாக இலையுதிர்காலத்தில் ஓடைகளில் இறங்கி, முட்டையிட்டுச் செத்த மீன்களை எண்ணும் தன்னார்வலன் நான். அந்த நாற்றத்தோடு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

ஆற்றுக்கு வரும் மீன் முழுவதையும் பங்கு போடுவதில்லை. அடுத்த தலைமுறைக்கு இத்தனை மீன் முட்டையிட மேலே போயே ஆகவேண்டும் என்று முதலில் ஒதுக்குவார்கள். மிஞ்சினால்தான் பங்கு. சினூக் விஷயத்தில் பல ஆறுகளில் மிஞ்சுவதே இல்லை. பியூஜெட் சவுண்ட் (எவரெட்டை ஒட்டிய உள்கடல்) சினூக் 1999இலிருந்து மத்திய அரசின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் இருக்கிறது.

எவரெட்காரன், உங்களுக்குப் பக்கத்து ஆறு ஸ்டில்லாகுவாமிஷ். அந்தப் பழங்குடியினர் தங்கள் பெயரில் உள்ள ஆற்றில் சினூக்கை வணிகத்துக்காகப் பிடித்துப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. சடங்குக்கு மட்டும் கைவிரலில் எண்ணுகிற அளவு எடுப்பார்கள். பாதி உரிமை இருக்கிறது, மீன் இல்லை. அந்த ஆற்றுச் சினூக் அற்றுப்போகாமல் இருக்கப் பொரிப்பகம் (முட்டையைப் பொரித்துக் குஞ்சு வளர்த்து ஆற்றில் விடும் இடம்) நடத்துவதும் அவர்களே. கடலில் எல்லா ஆற்று மீனும் கலந்து திரிகிறது. அதனால் இந்த நலிந்த ஆற்று மீன் சிக்கிவிடக் கூடாதே என்று கடல் பக்கத்துத் தூண்டில் பருவத்தையும் சுருக்குகிறார்கள். உங்கள் நாட்களைக் குறைப்பது வளைவில் பார்த்த வலை என்று நினைக்கிறீர்கள். பல சமயம் அது நலிந்துபோன ஒரு ஆறு.

எவரெட்காரன்:
இதுவரை யாரும் இப்படிச் சொல்லவில்லை, நன்றி. ஆனால் என் வழக்கு அங்கே முடியவில்லை.

ஒன்று, வலை. பொரிப்பக மீனுக்கு அடையாளமாக, முதுகின் பின்பக்கம் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். பல இடங்களில் துடுப்பு இல்லாத சினூக்கைத்தான் நான் வைத்துக்கொள்ளலாம், துடுப்பு இருந்தால் காட்டு மீன், விட்டுவிட வேண்டும். செவுள் வலைக்குத் துடுப்பு பார்க்கத் தெரியுமா? மீனைக் காப்பாற்றவேண்டும் என்றால் பொறுக்கிப் பிடிப்பவன் நான்.

இரண்டு, மூடிய கதவு. ஒவ்வொரு வருடமும் மார்ச், ஏப்ரலில் "நார்த் ஆஃப் ஃபால்கன்" என்று ஒரு பேரம். ஒரிகானில் ஒரு முனைக்கு ஃபால்கன் என்று பெயர், அதற்கு வடக்கே உள்ள பருவங்களை அதில் முடிவு செய்கிறார்கள். மாநிலமும் பழங்குடிகளும் உட்கார்ந்து பேசும் அறைக்குள் உரிமக் கட்டணம் கட்டுகிற எனக்கு இடமில்லை. 2016 ஞாபகம் இருக்கிறதா? கோஹோ (இன்னொரு சால்மன் வகை) எத்தனை வரும் என்ற முன்கணிப்பு படுமோசம், இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை, மே 1 அன்று பியூஜெட் சவுண்ட் சால்மன் தூண்டிலுக்கு மூடப்பட்டது. மே கடைசியில்தான் உடன்பாடு. கூட்டு நிர்வாகம் என்கிறீர்கள். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் பட்டினி.

பழையஏடு:
2016இல் எழுந்து போனது ஒரு தரப்பு மட்டும் என்பது போல எழுதுகிறீர்கள். அந்த வருடம் மீன் குறைவு, யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் இருவருமே இறங்கவில்லை.

ஆனால் உங்கள் எரிச்சலுக்கு ஒரு உண்மையான காரணம் உண்டு, நானே எடுத்துத் தருகிறேன். பட்டியலில் உள்ள மீன் தவறிச் சிக்கக்கூடிய இடத்தில் வலை போடவோ தூண்டில் போடவோ மத்திய அரசின் அனுமதி வேண்டும். பழங்குடிகளுக்கு அது இந்தியர் விவகார அலுவலகம் (அமெரிக்கப் பழங்குடிகளுக்கான மத்திய அரசு அலுவலகம்) வழியாகச் சீக்கிரம் வரும். உடன்பாடு இருந்தால் மாநிலமும் அதே அனுமதியில் ஏறிக்கொள்ளும். உடன்பாடு இல்லையென்றால் மாநிலம் தனியாக விண்ணப்பித்து, நீண்ட பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். பேரத்தில் கை மேலோங்குவது யாருக்கு என்று தெரிகிறதல்லவா? இதை ஒத்துக்கொள்ளாமல் பேசுவது நேர்மையில்லை.

அதற்காகக் கூட்டு நிர்வாகமே தப்பு என்று ஆகாது. 1974க்குச் சற்று முந்தைய வருடங்களில் மொத்தப் பிடிப்பில் பழங்குடிகளின் பங்கு மிகச் சொற்பம். அப்போது கதவு திறந்தா இருந்தது?

சேற்றுக்கால்:
வலை விஷயத்தில் ஒன்று. கொக்கியில் மாட்டி விடுவிக்கப்பட்ட மீனிலும் ஒரு பகுதி செத்துப்போகும், அதையும் உங்கள் கணக்கில் எழுதுகிறார்கள். வலையில் சிக்கியதை அவர்கள் கணக்கில் எழுதுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டு பக்கமும் சேர்ந்து எத்தனை காட்டு மீன் சாகிறது என்பது. அப்புறம், சாப்பிடாத மீனை இழுத்து விளையாடிவிட்டுத் திருப்பி விடுவதைப் பழங்குடியினர் பலர் மரியாதைக்கேடாக நினைக்கிறார்கள். நீங்கள் செவுள் வலையைப் பார்ப்பது போல.

தாமிரா:
பொரிப்பகத்தைப் பற்றியும் பேசுங்கள். இரண்டு தரப்புக்கும் பிடித்த பொய் அது. காட்டு மீன் குறையக் குறைய வளர்ப்பு மீனைக் கொட்டி எண்ணிக்கையைக் காட்டுகிறார்கள். வளர்ப்பு மீன் காட்டு மீனோடு கலந்தால் வரும் சந்ததி நலிகிறது என்று உயிரியலாளர்கள் கரடியாகக் கத்துகிறார்கள். இந்த விஷயத்தில் மாநிலமும் பழங்குடிகளும் அண்ணன் தம்பி.

சேற்றுக்கால்:
பொய் என்று சொல்லமாட்டேன், வலிநிவாரணி என்று சொல்லலாம். பிரித்துப் பாருங்கள்: அறுவடைக்கான பொரிப்பகம் ஒன்று, ஸ்டில்லாகுவாமிஷ் போல அழிவைத் தள்ளிப்போடும் பொரிப்பகம் இன்னொன்று. இரண்டாவதை நிறுத்தினால் மிஞ்சுவது பெயர்ப்பலகைதான்.

எனக்குக் கூட்டு நிர்வாகத்தின் பெரிய சாதனை பங்கீடு இல்லை, கல்வெர்ட். (நம் ஊரில் "கல்வெட்டு" என்பார்களே, ராஜராஜன் வெட்டியது இல்லை, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகும் குழாய்.) இங்கே மாநில நெடுஞ்சாலைகளுக்கு அடியில் போட்ட குழாய்கள் பல இடங்களில் ஓடையைவிட உயரத்தில் வாய் திறந்து நிற்கின்றன. ஏறிவரும் கோஹோ குதித்துக் குதித்து மண்டை உடைந்து அங்கேயே சாகும், நான் பார்த்திருக்கிறேன். குழாய்க்கு மேலே மைல் கணக்கில் நல்ல ஓடை காலியாகக் கிடக்கும்.

2001இல் பழங்குடிகள் வழக்குக்குப் போனார்கள்: மீன் பிடிக்கும் உரிமை தந்துவிட்டு மீன் வரும் வழியை அடைத்தால் என்ன உரிமை? 2007இல் நீதிபதி ரிக்கார்டோ மார்ட்டினெஸ் ஒத்துக்கொண்டார். 2013இல், அடைபட்ட வாழிடத்தில் 90% வரை 2030க்குள் திறக்க வேண்டும் என்று உத்தரவு. மாநிலம் கடைசிவரை எதிர்த்தது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் 4-4 என்று சமநிலை, அதனால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு நின்றது. ஒன்பதாவது நீதிபதி கென்னடி இந்த வழக்கின் முந்தைய கட்டத்தில் கீழ்க்கோர்ட் நீதிபதியாக உட்கார்ந்திருந்தவர் என்பதால் விலகிக்கொண்டார். அவ்வளவு நூலிழை.

செலவு பல நூறு கோடி டாலர். ஆனால் திறந்த ஓடையில் ஏறும் கோஹோவின் பாதி யாருக்கு, எவரெட்காரரே?

எவரெட்காரன்:
எனக்கும்தான். புரிகிறது. தூண்டில்காரர் சங்கங்கள் எத்தனை இருக்கின்றன, இந்த வழக்கைப் போட எங்களில் யாருக்கும் உடன்படிக்கை என்ற ஆயுதம் கிடையாது. எல்வா ஆற்றில் 2011இலிருந்து 2014 வரை இரண்டு அணைகளையும் இடித்தபோதும் கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் பல வருடம் போராடித்தான் நடந்தது. இதற்கெல்லாம் அவர்களுக்கு நன்றி சொல்லத் தயார்.

கதவு விஷயத்தில் மட்டும் இறங்கமாட்டேன். உடன்படிக்கைப் பாதி அவர்களுடையது, சரி. மீதிப் பாதிக்கு என் சார்பில் பேசுவது மாநிலம். என் பிரதிநிதி எதை விட்டுக்கொடுத்தார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

பழையஏடு:
அந்தக் கேள்வியை மாநில அரசிடம் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். பழங்குடிகளைப் பார்த்துக் கேட்காதீர்கள்.

சேற்றுக்கால்:
பிப்ரவரிக் கடைசியில் முன்கணிப்புக் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதானே? இரு தரப்பு உயிரியலாளர்களும் சேர்ந்து போட்ட எண்கள் அங்கே வரும். வாருங்கள், பக்கத்தில் இடம் பிடித்து வைக்கிறேன்.

எவரெட்காரன்:
வருகிறேன். ஆனால் அங்கே காட்டுவது எத்தனை மீன் வரும் என்று. யார் எதை விட்டார் என்பது ஏப்ரலில், வேறு அறையில்.