மருமகளின் பாட்டி செய்த பெய்க்லியைத் தங்கச்சிமடத்தில் சுட முடியுமா?

தங்கச்சிமடத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் புடாபெஸ்டில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு ஹங்கேரிப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். இந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் ஊருக்கு வருகிறார்கள். மருமகளை வளர்த்தது அவளுடைய பாட்டி. அந்த அம்மா போன பிப்ரவரியில் தவறிவிட்டார். பாட்டி இல்லாமல் அவளுக்கு வருகிற முதல் கிறிஸ்துமஸ் இது. வருஷா வருஷம் அவர் சுட்டுக் கொடுத்த பெய்க்லியைச் செய்து அவள் முன்னால் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. முன்கூட்டியே தெரியக் கூடாது என்பதால் மகனிடமும் கேட்க முடியவில்லை.

பெய்க்லி என்பது மாவை விரித்து, பூரணம் தடவி, பாய் மாதிரி சுருட்டிச் சுடுகிற பண்டம். ஒன்றில் அக்ரூட், இன்னொன்றில் கசகசா. இரண்டும் ஜோடியாகத்தான் மேசைக்கு வரும். கசகசா செல்வத்தைக் கூட்டும், அக்ரூட் கெட்டதை அண்டவிடாது என்று அங்கே ஒரு நம்பிக்கை.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் அங்கே போயிருந்தேன். பாட்டி பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் அடுப்படியில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மேசை ஓரத்தில் ஒரு சின்ன இரும்பு அரைவையைத் திருகி மாட்டியிருந்தார். அதில் கசகசாவைக் கொட்டி, கைப்பிடியை என் கையில் கொடுத்தார். சுற்றச் சுற்ற, நீலமும் கறுப்புமாக, ஈர மணல் மாதிரி பொலபொலவென்று விழுந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்தார். அன்று ராத்திரிக்கு ஆற்றுக் கெண்டை போட்ட சிவப்புக் குழம்பு, ஹலாஸ்லே என்கிறார்கள். புளி கிடையாது, தேங்காய் கிடையாது, எல்லாம் பாப்ரிகாப் பொடிதான். கடலே இல்லாத நாட்டில் பண்டிகைக்கு மீன் குழம்பு வைக்கிறார்களே என்று எனக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்துப்போனது.

என் அம்மாச்சி அந்தக் காலத்தில் மணல் பரப்பிய அலுமினியச் சட்டிக்குள் கேக்கை வைத்து, மூடிமேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டுச் சுடுவார். வெந்துவிட்டதா என்று மூடியைத் திறந்து பார்க்கவே மாட்டார், வாசனையிலேயே சொல்லிவிடுவார். அந்தப் பாட்டியும் அடுப்புக் கதவைத் தொடவில்லை. நின்று மோந்து பார்த்தார், அவ்வளவுதான்.

அவருடைய சமையல் நோட்டில் ஒரு பக்கத்தை அப்போது போட்டோ எடுத்துக்கொண்டேன். வார்த்தைகளைப் போனில் தேடிப் புரிந்துகொண்டேன். அளவுகள்தான் புரியவில்லை. மாவு 50 டி.கே.ஜி., கொழுப்பு 25, சர்க்கரை 5, ஈஸ்ட் 2, முட்டை 2, பால் 1 டெசிலிட்டர் என்று இருக்கிறது. டி.கே.ஜி. என்றால் என்ன? கொழுப்பு என்று எதைச் சொல்கிறார்? நம் ஊர்ப் புழுக்கத்தில் இந்த மாவு நிற்குமா? வீட்டில் ஓடிஜி என்கிற சின்ன மின்சார அடுப்பு இருக்கிறது.

பெஸ்ட்வாசி:

அம்மா, நான் மதுரைக்காரன், இங்கே ஏழு வருஷமாக இருக்கிறேன். டி.கே.ஜி. என்பது டெக்கா, 10 கிராம். கறிக்கடையிலும் ‘இருபது டெக்கா கொடுங்கள்’ என்றுதான் இங்கே கேட்பார்கள். அப்படியானால் உங்கள் கணக்கு மாவு 500 கிராம், கொழுப்பு 250, சர்க்கரை 50, ஈஸ்ட் 20. அந்த ஈஸ்ட் பச்சை ஈஸ்ட். நம் ஊரில் கிடைக்கிற உலர் ஈஸ்ட் என்றால் 7 கிராம் போதும். பால் 100 மி.லி.

கொழுப்பு என்று எழுதியிருப்பது பன்றிக்கொழுப்பு. பழைய வீடுகளில் அதுதான். இப்போது பாதிப் பேர் வெண்ணெய் போடுகிறார்கள், நீங்களும் தாராளமாகப் போடலாம்.

மேலே பளிங்குக் கல் மாதிரி வெடிப்பு ஓடியிருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது தானாக வருவதில்லை. சுருட்டியதும் முதலில் மஞ்சள் கருவைத் தடவி, நன்றாகக் காயவிட வேண்டும். அப்புறம் வெள்ளைக் கருவைத் தடவி, மறுபடியும் காயவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கோலம் விழாது. கடைசியாக, பூரணம் வரை இறங்குகிற மாதிரி பக்கவாட்டிலும் மேலேயும் குத்தி, 180 டிகிரியில் அரை மணி நேரம் சுடுங்கள். குத்தாமல் விட்டால் ஆவி போக வழியில்லாமல் பக்கவாட்டில் வாய் பிளந்துவிடும்.

கீழக்கரை ராத்தா:

தங்கச்சி, முதலில் ஒரு எச்சரிக்கை. அங்கிருந்து கறுப்புக் கசகசா வாங்கிவரச் சொல்லிவிடாதீர்கள். துபாய் வழியாக வருவார்களோ என்னவோ. அமீரகத்திலும் சவுதியிலும் கசகசாவுக்குத் தடை. வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு மசாலா கட்டிக் கொடுக்கும்போது எங்கள் வீட்டில் முதலில் பார்ப்பதே இதைத்தான். நம் ஊர் வெள்ளைக் கசகசாவையே போடுங்கள். நிறம் வராது, வாசனை கொஞ்சம் மென்மையாக இருக்கும், ஆனால் இதுவும் கசகசாதானே. தண்ணீர் தெளிக்காமல், மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி எண்ணெய் விட்டுக் களியாகிவிடும்.

நெய் போடலாமா என்று யோசித்திருப்பீர்கள். வேண்டாம். நெய்யில் தண்ணீர்ச் சத்து இல்லை, நானகத்தான் பிஸ்கட்டுக்குச் சரி, விரித்துச் சுருட்டுகிற மாவு உதிர்ந்துவிடும்.

எங்கள் பெத்தம்மா (பாட்டி) தொதல் அல்வா கிண்டும்போது தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எண்ணெய் பிரிகிற வரை துடுப்பைக் கை மாற்றவே விடமாட்டார். உங்கள் அம்மாச்சியின் சட்டியைப் பற்றிப் படித்ததும் அந்தப் புகை வாசம் வந்துவிட்டது.

அடுமனைத்தம்பி:

ராமேசுவரத்தில் அடுமனையில் வேலை பார்க்கிறேன். வெண்ணெயையும் பாலையும் குளிர்ந்தபடியே சேர்த்துப் பிசைந்து, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வையுங்கள் அக்கா. விடிகாலை நாலரைக்குத் தேயுங்கள், வெயில் ஏறினால் வெண்ணெய் கசியும். மாவை எடை போட்டு நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாவு எவ்வளவோ, பூரணமும் ஏறத்தாழ அவ்வளவு. பூரணம் முழுசாக ஆறியிருக்க வேண்டும்.

தங்கச்சிமடத்துக்காரி:

போன வாரம் ஒத்திகை பார்த்தேன். குத்துவதற்கு விளக்குமாற்றிலிருந்து புது ஈர்க்குச்சி உருவிக் கழுவி வைத்துக்கொண்டேன். அதைவிட நல்ல சாமான் கிடையாது. கசகசாவில் பால் கூடிப்போய் அது ஒன்று பிளந்துவிட்டது. அக்ரூட் நன்றாக வந்தது. கோலம் மட்டும் விழவில்லை. மழைக்காற்றில் மஞ்சள் கரு காயவே இல்லை, நான் பொறுக்காமல் வெள்ளைக் கருவைத் தடவிவிட்டேன். இனி மின்விசிறிக்கு அடியில் வைக்க வேண்டியதுதான்.

தங்கச்சிமடத்துக்காரி:

25 ராத்திரி எழுதுகிறேன். நேற்று விடிகாலை சுட்டேன். உள்ளே வைத்து இருபது நிமிஷத்தில் கரண்ட் போய்விட்டது. வெளியே காற்றும் மழையும். அம்மாச்சியின் சட்டியைப் பரணிலிருந்து இறக்கி, மணலைச் சூடேற்றி, நான்கையும் இரண்டிரண்டாக உள்ளே மாற்றி, மூடிமேல் தணல் போட்டேன். ஓரம் ஒன்று கொஞ்சம் கருகியது. மற்றபடி வெந்துவிட்டது, இந்தத் தடவை கோலமும் விழுந்திருந்தது.

ராத்திரிப் பூசை முடிந்து வந்து தட்டில் வைத்தேன். மருமகள் அக்ரூட் துண்டைப் பார்த்ததுமே அழுதுவிட்டாள். வெள்ளையாக இருந்த மற்றதை என்னவென்று தெரியாமல்தான் எடுத்தாள். ஒரு கடி கடித்து, மெல்லாமல் அப்படியே நின்றாள். ‘மாக்’ என்றாள். கசகசாவுக்கு அவர்கள் பெயர் அது. அப்புறம் கருகின ஓரத் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாட்டி வீட்டிலும் ஓரம் அவளுக்குத்தானாம்.

தணல் சட்டியைக் கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்துவிட்டு, ‘அத்தை, நாளைக்கு நான் இதில் செய்கிறேன்’ என்கிறாள். பிறை வடிவத்தில் அக்ரூட் வைத்து, பொடித்த சர்க்கரையில் புரட்டுகிற ஹோகிஃப்லி வேண்டுமாம். அளவு அவளுக்கு மனப்பாடம். எல்லாம் டெக்காவில்தான் சொல்கிறாள். சிரட்டை நனைந்து கிடந்தது, அடுப்படி ஓரமாகப் பரப்பிக் காயப்போட்டிருக்கிறேன்.