நண்பனோட கத்தியைப் பளபளன்னு ஆக்கிக் கொடுத்தேன், மூணு வாரமா ஆளைக் காணோம்

கல்பாலிஷ்காரன், கிருஷ்ணகிரி:

வணக்கம்ங்க. இந்தக் கத்தி சேர்க்கிறவங்க குழுவுல படிக்கிறதோட சரி, எழுதறது இதான் முதல் தடவை. தப்பு என்னோடது. சரி பண்ண வழி இருக்கான்னு கேட்கத்தான் வந்தேன்.

நாங்க நாலு பேர். ஞாயித்துக்கிழமை காலையில பழையபேட்டையில ஒரு டீக்கடை. டீ வர்றதுக்குள்ள நாலு பையில இருந்தும் மடக்குக்கத்தி மேசைக்கு வந்துடும். புதுசு வாங்கினவன் கைக்குக் கை கொடுப்பான். எவனும் வாங்கலைன்னா போன வாரம் பார்த்ததையே மறுபடி பார்ப்போம். ஒருத்தன் மட்டும் மூடும்போது வர்ற 'டக்'குக்காகக் காதுகிட்ட வச்சுக் கேட்பான். ஆரம்பத்துல கடைக்காரர் எங்களை ரவுடிப் பசங்கன்னு நினைச்சு கிளாஸைத் தூரமா வச்சுட்டுப் போவார். இப்ப வாழைத்தார் வந்தா காம்பு அறுக்க எங்களைத்தான் கூப்பிடறார். நம்ம மாவட்டத்து மயிலாடும்பாறையில தோண்டி எடுத்த இரும்போட காலம் கி.மு. 2172-ன்னு 2022-ல அறிவிச்ச அன்னைக்கு, ஏதோ நாங்களே உருக்கின மாதிரி நாலு பேருக்கும் வடை இலவசம்.

என்னோடது ஓபினெல்ங்கற பிரெஞ்சு கம்பெனியோட எட்டாம் நம்பர் மடக்குக்கத்தி, துருப்பிடிக்கற கார்பன் ஸ்டீல் அலகு. மழை பிடிச்சா மரப்பிடி உப்பிக்கிட்டு நகத்துக்கு வராது, பின்பக்கத்தை மேசையில ரெண்டு தட்டு தட்டினாத்தான் அலகு தலையை நீட்டும். இன்னொருத்தன் விக்டோரினாக்ஸ். மூணாமவன் பெங்களூர் சண்டே பஜார்ல பழசு பொறுக்கறவன், கொண்டு வர்றதுல பாதி துரு.

நாலாமவன்கிட்ட இருக்கறது ஒரே கத்தி. அவங்க அப்பாவோடது. அவர் சந்தூர் பக்கம் மாங்கன்று ஒட்டுக் கட்டினவர், இப்ப இல்லை. இவனும் அதே வேலைதான். மாட்டுக்கொம்புப் பிடி, ரெண்டு அலகு, அலகோட அடியில நட்சத்திரமும் சிலுவையும் மங்கலாத் தெரியும். அலகு முழுக்கக் கருப்பு. வெயில்ல திருப்பினா கத்தரிக்காய்த் தோல் மாதிரி அங்கங்க ஊதா ஓடும்.

போன மாசம் அலகு ஆடுதுன்னு என்கிட்டக் கொடுத்தான். "ஆட்டத்தை மட்டும் எடுத்துக் குடுடா"ன்னுதான் சொன்னான். ரிவிட்டை லேசாத் தட்டினேன், ஆட்டம் போச்சு. அதோட கையைக் கட்டியிருக்கணும். நான் பதினாறு வருஷமா கிரானைட் பாலிஷ் பட்டறையில இருக்கேன். கல்லுல முகம் தெரிஞ்சாத்தான் எங்க மேஸ்திரி லாரியில ஏத்த விடுவார். கை சும்மா இருக்கலை. பஃப் வீல்ல, அதான் மெருகேத்தற துணிச் சக்கரத்துல, பிடிச்சேன், அப்படியே கூரும் ஏத்தி வச்சேன். கருப்பு போச்சு, நட்சத்திரமும் போச்சு. சத்தியமா அப்ப எனக்குப் பெருமையாத்தான் இருந்தது.

ஞாயித்துக்கிழமை கொடுத்தேன். அலகுல தன் மூஞ்சியைப் பார்த்தான். "நல்லாருக்குடா"ன்னான். பாதி டீயை வச்சுட்டுக் கிளம்பிட்டான். அதுக்கப்புறம் மூணு ஞாயிறா வரலை. போன் எடுக்கிறான், "வேலை இருக்குடா"ங்கிறான்.

அந்தக் கருப்பு திரும்ப வருமா? முத்திரையைத் திரும்ப அடிச்சுத் தர ஆள் இருக்காங்களா? அவன்கிட்ட எப்படிப் பேச்செடுக்கறதுன்னும் தெரியலை, அதை இங்க கேட்கலாமான்னும் தெரியலை.

ஓசூர் மடக்கு:

முத்திரையை மறந்துடுங்க தம்பி. நட்சத்திரமும் சிலுவையும்னா இங்கிலாந்து ஷெஃபீல்டுல இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திக் கம்பெனியோட அடையாளம். அந்தப் பேர்ல அந்தக் காலத்துலயே போலி ஏராளம். இப்ப நீங்க ஒண்ணை அடிச்சா அவங்க அப்பா கத்தியை நீங்களே போலி ஆக்கின மாதிரி. சின்ன அலகையும் பிடிச்சீங்களா? அதைத் தொடலைன்னா அடியில லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வச்சுப் பாருங்க, ஏதாவது எழுத்து மிச்சம் இருக்கும்.

கருப்பு வரும். அதுவும் ஒரு வகைத் துருதான், ஆனா வீட்டோட இருக்கற துரு. சிவப்புத் துரு பொருபொருன்னு உதிர்ந்து இரும்பைத் தின்னும். இது மேலாப்புல ஒட்டிக்கிட்டு சிவப்பை சீக்கிரம் அண்ட விடாது. புளிப்பும் துவர்ப்பும் பட்டாப் போதும். நம்ம கிளிமூக்கு மாங்காயை நாலு நாள் அறுத்தா என் கார்பன் அலகு நீலம் பூத்துடும். வெளிநாட்டுல கடுகு விழுதைப் பூசி ஒரே ராத்திரியில கறுக்க வைக்கிறாங்க. வேண்டாம், திட்டுத் திட்டா நிக்கும்.

எனக்குப் பயம் வேற. பஃப் வீல்ல பிடிக்கும்போது விளிம்புல வைக்கோல் நிறமோ நீலமோ ஓடிச்சா? நீலம்னா சூடு முந்நூறு டிகிரியைத் தொட்டிருக்கும், அந்த இடத்துல பதம் போயிருக்கும். கூர் நிக்காது. கொம்புப் பிடியும் சூட்டுல முறுக்கிக்கும், அலகு மூடும்போது பக்கவாட்டுல உரசுதான்னு பாருங்க.

ஆன்லைன் ஆறுமுகம்:

இதுக்கு இவ்ளோ ஃபீலிங்கா? புதுசா ஒண்ணு ஆர்டர் போட்டுக் கொடுங்க பாஸ், மறந்துடுவார். ஒரு டவுட்டு: டீக்கடையில கத்தியைப் பரப்பி வச்சா போலீஸ் கேஸ் ஆகாதா?

ஓசூர் மடக்கு:

ஆறுமுகம், அப்பாவை எந்தக் கடையில ஆர்டர் போடறதாம்? கேஸுக்கு வர்றேன். 2016 ஆயுத விதிகள்ல லைசென்ஸ் பட்டியலுக்குள்ள வர்றது ஒன்பது அங்குலத்துக்கு மேல நீளமோ ரெண்டு அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற அலகு, அதுலயும் வீட்டு வேலை, விவசாய வேலைக்குன்னு செஞ்சதுக்கு விலக்கு இருக்கு. எங்க பேனாக்கத்தி மூணு அங்குலம். அதுக்காகத் தேர்தல் நேரத்துலயும் திருவிழாக் கூட்டத்துலயும் பையில போட்டுக்கிட்டு சட்டம் பேச மாட்டோம், வீட்டுல வச்சுட்டுத்தான் போவோம்.

ஒட்டுக்கன்று வீடு, போச்சம்பள்ளி:

நான் கத்தி சேர்க்கிறவ இல்லை. எங்க வீட்டுக்காரர்தான் சேர்க்கிறார், அவர் போன்ல இதைப் படிச்சுட்டு அவர் கணக்குலயே எழுதறேன். எங்களுக்கும் மாங்கன்று நர்சரிதான்.

எல்லாரும் நிறத்தையே பேசறீங்க. தம்பி, நீங்க கூர் ஏத்தினேன்னு போட்டிருக்கீங்களே, ரெண்டு பக்கமும் ஏத்தினீங்களா?

ஒட்டுக்கத்திக்கு ஒரு பக்கம்தான் சாணை. மறுபக்கம் தட்டையா இருக்கணும், அடிப்பலகை மாதிரி. அந்தத் தட்டைப் பக்கம் குச்சியில படிஞ்சு வந்தாத்தான் வெட்டு நேரா வரும். இளந்தண்டு ஒட்டுல மேல்குச்சியை ஆப்பு மாதிரி ரெண்டு பக்கம் சீவி, அடிக்கன்னோட பிளவுல இறக்குவோம். பட்டைக்கு அடியில இருக்கற பச்சை ரெண்டுலயும் ஒட்டி உட்காரணும். நடுவுல நூல் இடைவெளி இருந்தாலும் உள்ள காஞ்சு குச்சி செத்துப் போகும். ரெண்டு பக்கமும் சாணை பிடிச்ச கத்தி கரண்டி மாதிரி குழிச்சுத்தான் வெட்டும். எவ்வளவு கூரா இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இப்ப ஒட்டு கட்டற சீசன். உங்க நண்பர் கோவிச்சுக்கிட்டு வராம இருக்காரா, நிஜமாவே வேலையில மாட்டிக்கிட்டு இருக்காரான்னு முதல்ல பாருங்க.

கல்பாலிஷ்காரன்:

அக்கா, ரெண்டு பக்கமும்தான் பிடிச்சேன். ஒரு பக்கம் தட்டையா இருந்ததைப் பார்த்து, பழைய காலத்து ஆள் சரியா சாணை பிடிக்கத் தெரியாம விட்டிருக்கார்னு நினைச்சேன். இப்ப இதை டைப் பண்ணவே கூசுது.

ஓசூர் அண்ணா, நீலம் ஓடலை. கை சுடறப்ப எல்லாம் தண்ணியில முக்கித்தான் பிடிச்சேன், அது எங்க தொழில் பழக்கம். பிடியும் உரசலை.

ஓசூர் மடக்கு:

அக்கா சொன்னதுதான் சரி, எனக்கு அது தோணவே இல்லை. நாங்க கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பார்க்கறவங்க, அவங்க கத்தியை வச்சு வேலை செய்யறவங்க.

தம்பி, மருந்து உங்க பட்டறையிலேயே இருக்கு. நல்ல தட்டையான கிரானைட் துண்டு ஒண்ணு எடுங்க. அது மேல வாட்டர் பேப்பரை (தண்ணியில நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள்) தண்ணி தெளிச்சு ஒட்டுங்க. முதல்ல 400-ஆம் நம்பர் தாள், அப்புறம் 800, அப்புறம் 1500. தட்டைப் பக்கத்தை முழுசாப் படிய வச்சு இழுங்க, முதுகைத் தூக்கிடாதீங்க. தேய்க்கறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் முழுக்க மார்க்கர் பேனாவால கறுப்படிங்க. எங்க தாள் படுதோ அங்க மை போகும். விளிம்போரம் வரைக்கும் மை போனாத்தான் தட்டை. மெஷின் வேண்டவே வேண்டாம்.

தகடூரான், தருமபுரி:

லேட்டா வந்தேன். நம்ம ஊர் அதியமானுக்காக ஔவையார் தொண்டைமான்கிட்டத் தூது போன கதை எல்லாருக்கும் தெரியும். அவன் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். மயில்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி எல்லாம் மினுமினுன்னு இருந்தது. அந்தம்மா என்ன சொன்னாங்க? உன்னுது இப்படி இருக்கு, எங்க ஆளோடது முனை ஒடிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னாங்க. தம்பி தகடூர்ச் சீமையில இருந்துக்கிட்டு தொண்டைமான் வேலை பண்ணிட்டீங்களே!

கோவிச்சுக்காதீங்க. நானும் ஒருத்தர் கத்திக்கு ஆசையா தேங்காய் எண்ணெய் விட்டுக் கொடுத்தவன்தான். மார்கழிக் குளிர்ல உறைஞ்சு, அப்புறம் பிசினாகி, கீல்ல மண்ணோட இறுகிடுச்சு. கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, அவ்வளவுதான். அலகுக்கு வேணா தேங்காய் எண்ணெய், பழம் அறுக்கலாம்.

கல்பாலிஷ்காரன்:

பத்து நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும்.

போன சனிக்கிழமை அடுக்களை மேடைக்கு அறுத்ததுல மிஞ்சின கருப்புக் கல் துண்டு ஒண்ணு, ஒரு அடிக்கு முக்கால் அடி இருக்கும், வண்டியில கட்டிக்கிட்டு அவன் கொட்டாய்க்குப் போனேன். நிழல்வலைக்குக் கீழ உட்கார்ந்து ஒட்டு கட்டிக்கிட்டு இருந்தான். கையில ஷேவிங் பிளேடு. பாதியா உடைச்சு ஒரு பக்கம் துணி சுத்தியிருந்தது. கட்டைவிரல்ல ரெண்டு பிளாஸ்திரி.

"கத்தி எங்கடா?"ன்னேன்.

"உள்ள இருக்கு. நீ ஆசையாப் பண்ணிக் கொடுத்தே, பால் பட்டா கறுத்துடுமேன்னு…"

"பொய் சொல்லாதடா. வெட்டு குழியுதுல்ல?"

கொஞ்ச நேரம் குச்சியையே பார்த்துக்கிட்டு இருந்தான். அப்புறம் எழுந்து ஒரு பாத்தியைக் காட்டினான். நான் கொடுத்த மறுநாள் அந்தக் கத்தியில கட்டினது நாப்பது கன்னு. பதினொண்ணுதான் பச்சையா இருந்தது. மத்ததெல்லாம் குச்சி கருகி, மேல கட்டின பாலிதீன் உறை மட்டும் நிக்குது. கன்னு என்ன விலைன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான்.

கல்லை இறக்கினேன். மார்க்கர் பூசித் தேய்க்க ஆரம்பிச்சோம். முதல் அரை மணியில நடுவுல மை போயிடுச்சு. விளிம்போரத்துல மட்டும் நூல் தடிமனுக்கு ஒரு கறுப்புக் கோடு, அசையவே இல்லை. நான் பஃப் வீல்ல உருட்டினது அந்தக் கோடுதான். அவங்கம்மா ரெண்டு தடவை மோர் கொண்டு வந்தாங்க. அவன் இழுப்பான், நான் தண்ணி விடுவேன், கை வலிச்சா மாத்திக்குவோம். 400 தாள் மூணு போச்சு. வெயில் சாயறப்ப கோடு அறுந்து அறுந்து புள்ளியாச்சு, அப்புறம் அதுவும் இல்லை.

ஒரு மாங்குச்சியைச் சீவி, வெட்டின முகத்தைக் கல் மேல வச்சு, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். எனக்கும் காட்டினான். குச்சிக்கும் கல்லுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியலை.

சின்ன அலகை நான் தொடவே இல்லைங்க. லூப் வச்சுப் பார்த்தோம், அடியில 'ஷெஃபீல்டு'ங்கறதுல பாதி எழுத்து இருக்கு. அவன் அதை இத்தனை வருஷமாப் பார்த்ததே இல்லையாம்.

இந்த ஞாயிறும் வரலை. கன்னு ஏத்த ஆந்திரா லாரி வந்துடுச்சுன்னு அவனே போன் பண்ணிச் சொன்னான். கல்லை அவன் கொட்டாயிலேயே விட்டுட்டேன். அண்ணா, 1500-க்கு மேல 2000 தாள் போடணுமா, இதுவே போதுமா?

ஓசூர் மடக்கு:

மாங்குச்சிக்கு 1500 தாராளம். 2000 வேணும்னா போடுங்க, பஃப் வீல் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

ஒட்டுக்கன்று வீடு, போச்சம்பள்ளி:

அந்தக் கல் துண்டு இன்னொண்ணு கிடைக்குமா தம்பி? எங்க வீட்டுக்காரர் என் ஒட்டுக்கத்தியையும் பளபளன்னு ஆக்கி வச்சிருக்கார்.