கோட்டையூரில் பழகியவர்கள் சொல்லுங்கள்

குடிவந்தவன்:
வேலை காரைக்குடியில். வாடகை கட்டுப்படியானதால் கோட்டையூரில் வீடு பிடித்தேன். அப்போது பேரூராட்சி, 2024இல் காரைக்குடி மாநகராட்சியானதும் இதுவும் அதற்குள் வந்துவிட்டது. மெயின் ரோட்டில் நின்றால் சாதாரணப் புறநகர்தான். தெருவுக்குள் நடந்தால் வேறு ஊர். எல்லாம் பழைய செட்டிநாட்டு வீடுகள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில்.

எதிர்வீட்டு ஆச்சி ஒருநாள், "உள்ள வந்து பாருங்க தம்பி" என்று கூப்பிட்டார்கள். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு கதவிலும் பூட்டு. "இது சென்னைக்காரவுக, இது மலேசியா" என்று விரலை நீட்டிக்கொண்டே போனார்கள். வருஷம் ஒருமுறை முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாப் புள்ளிகளும், அதாவது பங்காளிக் குடும்பங்களும், கூடும்போதுதான் எல்லாப் பூட்டும் திறக்குமாம். தூணெல்லாம் பர்மா தேக்கு. ஆச்சியின் மாமனார் அங்கே கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் வந்தவை. 1942இல் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்த வரவு போயிற்று.

அப்புறம் சுவரைத் தொடச் சொன்னார்கள். மே மாத மதியம். கன்னத்தை ஒட்டிக்கொள்ளலாம் போல வழவழப்பு, குளிர்ச்சி.

போன மாதம் அதே வரிசையில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தூணும் நிலையும் லாரியில் ஏறின. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படி நிலைகளைச் சாத்தி வைத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் தெருவிலிருந்து போகும்போது தாங்கவில்லை.

கொத்தனார் பேத்தி:
தம்பி, நீங்கள் தொட்ட மாதிரிச் சுவர்களைப் பூசியவர் என் தாத்தா. சுண்ணாம்பை நைசாக அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, ஈரம் காயும் முன் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவசரப்பட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். தாத்தாவின் கல் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போலத் தேய்ந்திருக்கும்.

ஊர்ப் பெருமையும் சொல்லிவிடுகிறேன். வள்ளல் அழகப்பர் 1909இல் பிறந்த ஊர் இது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியது நான், அழகப்பர் தொடங்கிய கல்லூரியில். ரோஜா முத்தையா பழைய தமிழ்ப் புத்தகங்களைச் சேர்த்ததும் இங்கேதான். 1992இல் அவர் மறைந்தபின் அவையெல்லாம் சென்னைக்குப் போய் நூலகமாகிவிட்டன. நன்றாகப் பாதுகாக்கிறார்கள், சந்தோஷம். இருந்தாலும் இங்கேயே இருந்திருக்கலாம் என்று மனசு சொல்கிறது.

ஒன்று கேட்கிறேன். வீட்டைப் பிரிக்க நினைக்கிற பங்காளிகள் யாராவது இதைப் படித்தால், விலை பேசும் முன் எங்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பூச்சு வேலை என் அண்ணனுக்குத் தெரியும்.