அம்மா சமைத்த பானை

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாலையில் ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். டென்ஸ், வாய்ஸ் எல்லாம் எப்படியோ தேறிவிடும். அட்ஜெக்டிவ் கிளாஸ் (clause), அதாவது ஹூ, விச் போன்ற சொல்லோடு வந்து ஒரு பெயரை விவரிக்கும் வாக்கியத் துண்டு, வந்தால்தான் தடுமாற்றம். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச் என்ற விதி எல்லோருக்கும் மனப்பாடம். சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால்தான் சிக்கல்.

பொங்கலைப் பற்றி எழுதிய ஒரு பெண் 'தி பாட் விச் மை மதர் குக்ட்' என்று எழுதியிருந்தாள். அம்மா சமைத்த பானை. தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்திலோ அம்மா பானையையே வேகவைத்துவிட்டார். "பானை பொருள்தானே சார், விச்தானே வரணும்?" என்றாள். கேள்வி நியாயமானது. மனப்பாட விதி அவளை அதுவரைதான் கொண்டுவிட்டிருந்தது.

அதனால் தமிழ் இலக்கணத்தையே எடுத்தேன். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று பள்ளியில் படித்திருப்போம்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். சமைத்த அம்மா, சமைத்த பானை, சமைத்த முற்றம், சமைத்த சமையல், சமைத்த நாள், சமைத்த சோறு. ஆறிலும் 'சமைத்த' மாறவே இல்லை. பானைக்கும் சமையலுக்கும் என்ன உறவு என்று கேட்பவரே ஊகித்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் அதை எழுதுபவர்தான் காட்ட வேண்டும்: 'தி பாட் இன் விச் ஷி குக்ட்', 'தி கோர்ட்யார்ட் வேர் ஷி குக்ட்', 'தி டே வென் ஷி குக்ட்', 'தி ரைஸ் தட் ஷி குக்ட்'. செயலுக்கு வினையே மாறிவிடும்: 'தி குக்கிங் தட் ஷி டிட்'. பேச்சில் 'தி பாட் ஷி குக்ட் இன்' என்பார்கள். விச் போய்விட்டது, ஆனால் கடைசியில் அந்த இன் கட்டாயம் இருக்கிறது பாருங்கள்.

சரிபார்க்க ஒரு வழி வைத்திருக்கிறோம். கிளாஸைத் தனியே எடுத்து, பெயரை உள்ளே போட்டு முழு வாக்கியமாக்க வேண்டும். 'ஷி குக்ட் தி பாட்' என்று வந்தால் சிரிப்பு வரும். 'ஷி குக்ட் இன் தி பாட்' என்றால் சரி. 'தி பென் விச் ஐ லாஸ்ட் இட்' என்று எழுதுபவர்களுக்கும் இதுவே மருந்து. விச் ஏற்கெனவே பேனாவின் இடத்தில் உட்கார்ந்திருக்க, இட்டுக்கு அங்கே இடமில்லை.

ஹூம் பற்றி அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. பேச்சில் ஹூ போதும். 'டு ஹூம்' போல முன்னால் ஒரு ப்ரிப்போசிஷன் வந்தால் மட்டும் ஹூம்.

ஒருமுறை ஒரு மாணவியின் பாட்டி, "எங்க ஜெபத்துல 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்'னு இருக்கே, பிதா பொருளா?" என்று மடக்கினார். அது 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் ஆங்கிலம். அந்தக் காலத்தில் ஆளுக்கும் விச் வரும் என்றேன். "அப்போ பிள்ளைங்களுக்கு மட்டும் ஏன் மார்க்கைக் குறைக்கிறீங்க?" என்றார்.

கமாவைத்தான் யாரும் மதிப்பதில்லை. நேர்முகத் தேர்வுக்குத் தயாரான ஒரு பையன், 'மை பிரதர் ஹூ வொர்க்ஸ் இன் துபாய் இஸ் அன் எலக்ட்ரீஷியன்' என்று கமாவே இல்லாமல் எழுதியிருந்தான். எத்தனை அண்ணன் என்று கேட்டேன். ஒருவர்தானாம். கமா இல்லாவிட்டால், துபாயில் இல்லாத இன்னொரு அண்ணனும் இருக்கிறார் என்று படிப்பவர் நினைக்கலாம். ஹூவுக்கு முன்னால் ஒன்று, துபாய்க்குப் பின்னால் ஒன்று போடச் சொன்னேன். அப்படிக் கமா போட்ட இடத்தில் தட் வராது என்பதையும் சொல்லிவைத்தேன். அடுத்த வரியில் சென்னையில் இருக்கும் அக்கா. மூன்று அக்காக்களில் ஒருவர் என்பதால் அங்கே கமா வேண்டாம் என்று அவனே சொன்னான்.