காயிலோவர் போட்டபின் முன்பக்கம் ‘டக் டக்’ சத்தம்

கேள்வி: 2008 ஹோண்டா சிவிக்கில் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் செட்) போட்டிருக்கிறேன். ஸ்பிரிங் காலரை (ஸ்பிரிங்கைக் கீழே தாங்கும் திருகு வளையம்) கீழே இறக்கி 30 மி.மீ. தாழ்த்தியிருக்கிறேன். பள்ளத்தில் முன்பக்கம் ‘டக் டக்’ என்று அடிக்கிறது. ஏன்?

பதில் 1: காலரை இறக்கியதால் ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் தளர்ந்திருக்கும். ஜாக்கில் தூக்கி ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நிற்கும்வரை காலரை ஏற்றி, மேலும் 2 மி.மீ. போதும். ஷாக்கின் கீழ் பிராக்கெட் தனியாகச் சுற்றும் வகையென்றால் உயரத்தைக் காலரில் அல்ல, அதில்தான் மாற்றணும். கடைசியில் லாக் ரிங்கை (காலர் நகராமல் பிடிக்கும் வளையம்) இறுக்க மறக்காதீங்க.

பதில் 2: ஷாக்கின் தண்டு உச்சியில் உள்ள மேல் நட்டு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இம்பாக்ட் கன் (அதிர்ந்து இறுக்கும் மெஷின்) வேண்டவே வேண்டாம், தண்டும் சேர்ந்து சுற்றி சீல் கெடும். ஆலன் கீயால் தண்டைப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள்.

பதில் 3: கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் கை) போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் அதன் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். வண்டி எடை சக்கரத்தில் நிற்கும்போது இறுக்குங்கள். ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் (சக்கரக் கோணச் சரிபார்ப்பு) செய்யுங்கள். டோ (சக்கரங்கள் முன்னால் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தப்பினால் டயர் விளிம்பு தேயும்.