வெளிநாட்டுப் பணித்தளத்தில் இருக்கும் மகனின் கடிதங்களை எப்படிப் பகிர்வது?

ஆலிவ்கிளை:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். மகனுக்கு 22 வயது. இரண்டு வருட ஊழியத்துக்கு வெளிநாடு போய் ஆறு வாரமாகிறது. வாரம் ஒரு மெயிலும் சில படங்களும் அனுப்புகிறான். சபையார், சொந்தக்காரர்கள், அவன் நண்பர்கள் என்று 140 பேர் செய்தி கேட்கிறார்கள். இப்போதைக்கு அவன் மெயிலை அப்படியே ஃபார்வர்டு செய்கிறேன். வாட்ஸ்அப் குரூப் தொடங்கலாமா, ஃபேஸ்புக்கில் போடலாமா? அவன் தங்கியிருக்கும் நாட்டில் ஊழியத்துக்குத் தடையில்லை. ஆனால் மாதம் ஒருமுறை பக்கத்து நாட்டுக்கும் போய்வருகிறான், அங்கே கெடுபிடி அதிகம்.

நெகேமியா52:
அக்கா, ஃபார்வர்டு செய்வதை இன்றே நிறுத்திவிடுங்கள். அவனுடைய மெயில் முகவரியும் கீழே தொங்கும் பழைய உரையாடலும் கூடவே போகின்றன என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, அது அம்மாவுக்கு எழுதிய கடிதம். ஆறாவது வாரத்தில் வீட்டு ஏக்கம் இருக்கும், மொழி பிடிபடாத எரிச்சல் இருக்கும், உடன் ஊழியரைப் பற்றிய முறுமுறுப்பும் இருக்கும். அதைக் கொட்ட அவனுக்கு ஓர் இடம் வேண்டும். 140 பேர் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் உங்களுக்கும் பத்திரமான வரிகளைத்தான் எழுதுவான், அவன் சோர்ந்திருப்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். அதனால் வீட்டுக் கடிதம் வேறு, ஜெபம் கேட்டு 140 பேருக்கும் அனுப்பும் ஜெபக் கடிதம் வேறு. இரண்டாவதை நீங்கள் தொகுத்து, அவனிடம் காட்டி, 'சரி' என்று பதில் வந்த பிறகே அனுப்புங்கள். நெட் கிடைக்காமல் அவன் பதில் நான்கு நாள் தாமதமானால் கடிதமும் நான்கு நாள் தாமதமாகட்டும்.

என்ன வெட்டுவது என்பதற்கு ஓர் உதாரணம். அவன் இப்படி எழுதுவதாக வையுங்கள்: 'செவ்வாய்க்கிழமை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில் கூடினோம். போன மாதம் ஞானஸ்நானம் எடுத்த ஸ்கூல் வாத்தியாரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருடைய அண்ணனுக்கு இன்னும் விஷயம் தெரியாது.'

ஜெபக் கடிதத்தில் இது இவ்வளவுதான்: 'இந்த மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபித்தோம். புதிதாக விசுவாசத்துக்குள் வந்த ஒரு குடும்பமும் இருந்தது. அவர்களுடைய உறவினர்களுக்காக ஜெபியுங்கள்.'

கிழமை, இடம், தொழில், ஞானஸ்நானம், அண்ணனுக்குத் தெரியாது என்ற ரகசியம், ஐந்தும் போய்விட்டன. பெயரை மட்டும் எடுத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், அது போதாது. சின்ன ஊரில் 'ஞானஸ்நானம் எடுத்த வாத்தியார்' என்றால் ஒரே ஆள்தான். உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் நேரக்கூடியது விசா ரத்தாகித் திருப்பி அனுப்பப்படுவது. அந்த வாத்தியார் அதே தெருவில், அதே அண்ணனோடு வாழ வேண்டியவர். தமிழில்தானே எழுதுகிறோம் என்ற தைரியமும் வேண்டாம். ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் மொழிபெயர்ப்பு வந்துவிடும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவரும், அவரை வெறுக்கிறவரும் படிப்பார்கள் என்று வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

சிலர் ஜெபம், மிஷனரி போன்ற சொற்களை 'ஜெ*ம்', 'மி.ரி' என்று நடுவில் நட்சத்திரமும் புள்ளியும் வைத்து எழுதுகிறார்கள். அது யாரையும் ஏமாற்றாது, இங்கே ஏதோ மறைக்கப்படுகிறது என்றுதான் காட்டிக்கொடுக்கும். சாதாரண சொல்லாலேயே எழுதுங்கள்: 'அவனுடைய வேலை', 'நண்பர்கள்', 'கூடி வந்தோம்'. இரண்டு நாட்டில் எது கடுமையோ அதன் அளவுகோல்தான் மொத்தக் கடிதத்துக்கும். பக்கத்து நாட்டின் பெயரே எழுத்தில் வர வேண்டாம். பயணத்தைப் போய்வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துச் சொல்லுங்கள். முன்கூட்டியே தேதி சொல்லி ஜெபம் கேட்கவேண்டுமென்றால் ஐந்தாறு பேரிடம் வாயால் சொல்லுங்கள். அனுப்பிய ஊழிய நிறுவனத்துக்கு இதற்கென்று எழுத்து விதிகள் இருக்கக்கூடும், முதலில் அவற்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அது இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

தபால்புறா:
எதில் அனுப்புவது என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப் வேண்டாம் சகோதரி. 140 பேருடைய நம்பரும் 140 பேருக்குத் தெரியும். யாராவது ஒருவர் உணர்ச்சிவசப்பட்டு நாட்டின் பெயரோடு பதில் போடுவார். பிராட்காஸ்ட் லிஸ்ட் போடுங்கள், ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும், பதிலும் உங்களுக்கு மட்டும் வரும். ஒரே சிக்கல், உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். 'எனக்கு வரவேயில்லை' என்று வரும் புகார்களில் பல இதனால்தான்.

மெயில் என்றால் எல்லா முகவரியும் பிசிசி கட்டத்தில், அப்போது ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது. 'டு' கட்டத்தில் போட்டால் யாராவது 'ரிப்ளை ஆல்' அழுத்துவார், பட்டியல் முழுவதும் வெளியே வந்துவிடும். சாதாரண ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம், ஆனால் 140 பேரை ஒரே பிசிசியில் அடைத்தால் சிலருக்கு ஸ்பேமில் போய் விழும். முப்பது நாற்பதாகப் பிரித்து அனுப்புங்கள். தலைப்பில் மாதமும் வீட்டுப் பெயரும் மட்டும் இருக்கட்டும்.

படங்களில்தான் அதிகம் தவறு நடக்கிறது. ஃபோனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். 'தெளிவாக வரட்டும்' என்று டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ மெயிலில் இணைத்தாலோ அப்படியே போகும். விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ், டீடெய்ல்ஸ் போனால் அடியில் அந்தத் தகவல்களை நீக்கும் வழி இருக்கிறது. ஐஃபோனில் ஷேர் அழுத்தியதும் மேலே வரும் ஆப்ஷன்ஸில் லொகேஷனை அணைக்கலாம். எதுவும் கைவரவில்லையா, படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

அதன் பிறகு படத்தையே ஓரம் ஓரமாகப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் ஒன்றும் இருக்காது. பின்னால் கடைப் பலகை, வண்டி நம்பர் பிளேட், பள்ளிச் சீருடையில் இருக்கும் பேட்ஜ், ஜன்னல் வழியே தெரியும் கோபுரம், இவைதான் ஊரைச் சொல்லும். முகத்தை மங்கலாக்குவதைவிட முதுகுப் பக்கம், கைகள், திறந்த புத்தகம் என்று எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் படம் என்றால் பெற்றோர் சம்மதித்த பிறகுதான். சம்மதம் கிடைத்தாலும் பெயரோ பள்ளியோ கூட வரக்கூடாது.

ஃபேஸ்புக்கில் ஒன்றுமே வேண்டாம். 'நண்பர்களுக்கு மட்டும்' என்று வைத்தாலும் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவ்வளவுதான்.

பணம் பற்றி ஒன்று. மிஷனரிகளின் கணக்கைத் திருடி, 'அவசரம், பர்ஸ் தொலைந்துவிட்டது, உடனே அனுப்புங்கள்' என்று ஆதரவாளர்களுக்கு எழுதுவது பழைய மோசடி. முதல் கடிதத்திலேயே அறிவித்துவிடுங்கள்: மெயிலிலோ மெசேஜிலோ நாங்கள் ஒருபோதும் பணம் கேட்க மாட்டோம், அப்படி வந்தால் என்னை ஃபோனில் கூப்பிட்டுக் கேளுங்கள். மகனுடைய மெயிலுக்கும் உங்களுடையதற்கும் இரட்டைச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்பது) போட்டு வையுங்கள்.

சீலோவாம்:
கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மாதம் ஒன்று, குறித்த தேதியில். 'திங்கள் இங்கே போனேன், செவ்வாய் அங்கே போனேன்' என்ற கால அட்டவணையை மூன்றாவது மாதத்துக்கு மேல் யாரும் படிப்பதில்லை. ஒரே ஒரு காட்சி, கொஞ்சம் விரிவாக: சந்தையில் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னது, எதிர்வீட்டுப் பாட்டி திருத்தியது. பிறகு மூன்று ஜெப விண்ணப்பங்கள். 'ஊழியம் ஆசீர்வதிக்கப்பட' என்று எழுதினால் ஜெபிப்பவருக்குப் பிடிமானம் இல்லை. '20ஆம் தேதி மொழித் தேர்வு, எழுத்துப் பகுதி கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதுங்கள். அடுத்த கடிதத்தில் அந்தத் தேர்வு என்னவாயிற்று என்று கட்டாயம் சொல்லுங்கள், தோற்றிருந்தாலும். பதில் தெரியாத ஜெபம் நான்கு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறது.

ஆலிவ்கிளை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இனி ஃபார்வர்டு இல்லை. இன்னும் இரண்டு கேள்வி. நான்கைந்து நாள் தகவலே வரவில்லை என்றால் என்ன செய்வது? வெட்டியதை அழித்துவிடலாமா?

நெகேமியா52:
எத்தனை நாள் மௌனம் வரை கவலைப்பட வேண்டாம் என்பதை இப்போதே அவனோடு பேசி ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாட்டுப் பயணத்தின்போது அந்த எண் வேறு. அது தாண்டினால் முதலில் நிறுவனத்தின் அவசர எண்ணுக்கு நீங்கள் ஒருவர் மட்டும் கூப்பிட வேண்டும், உறவினர் எல்லோரும் அல்ல. 'மகனைக் காணோம்' என்று எங்கும் எழுதாதீர்கள். நெட் இல்லாமல் இருந்தவனை அந்த ஒரு வரியே ஆபத்தில் தள்ளலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், இரத்த வகை, மருந்து ஒவ்வாமை, காப்பீட்டு எண், தூதரக எண், உடன் ஊழியர் ஒருவரின் எண், இவற்றை ஒரே தாளில் எழுதி வீட்டில் இருவரிடம் வையுங்கள். மலேரியா உள்ள பகுதி என்றால், திரும்பி வந்து சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எங்கே இருந்தான் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

வெட்டியதை அழிக்காதீர்கள் அக்கா. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது உங்கள் மகனைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். அங்கிருந்து போன கடிதங்களை ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் 1710 முதல் தொகுத்து அச்சிட்டு ஆதரவாளர்களுக்குக் கொடுத்தார்கள். இன்று நீங்கள் செய்யும் அதே வேலை. ஆனால் 1713இல் இங்குள்ள தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் அச்சிடத் தக்கதல்ல என்று அங்கே ஒதுக்கப்பட்டது. 1867இல்தான் சென்னையில் அச்சாயிற்று. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள். அதனால் மூலக் கடிதங்களை '2025-03-14' போலத் தேதியைக் கோப்புப் பெயராக வைத்து, பாஸ்வேர்டு போட்ட ஒரு பென் டிரைவில் சேமியுங்கள். இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும். அவன் திரும்பி வந்ததும் இரண்டையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.