இழை: ‘டேபிள்டாப் ரன்வே’ தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான விமானக் குறுநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் வண்டி நிற்கிறது. குன்றின் தலையைச் சீவி, பள்ளத்தை நிரவி, மேலே ஓடுபாதை போட்டிருப்பார்கள். முனையைத் தாண்டினால் கிடுகிடு பள்ளம். மங்களூர், கேரளத்தில் கரிப்பூர், மிசோரமில் லெங்புய், சிக்கிமில் பாக்யாங் எல்லாம் இந்த வகை. ‘மேசைத்தள ஓடுபாதை’ என்று எழுதி வைத்தேன். எனக்கே ருசிக்கவில்லை.

—

தம்பி, மேசை நம் சொல்லா? சாவி, ஜன்னல், அலமாரியோடு போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. பாதையும் வடமொழி. ‘கோட்டுத்தடம்’ என்று போடுங்கள். கோடு என்றால் மலையுச்சி, திருச்செங்கோடு போல. கோடு என்றால் நேராக இழுத்த வரியும்தான், ஓடுபாதை வேறென்ன? தடம் பெருமையையும் குறிக்கும், ‘தடவரை’ தெரியுமல்லவா? ஒரே சொல்லில் மூன்று பொருள்.

—

ஐயா, அதுதான் பயமே. கோடு யானைத் தந்தம், சங்கு, மரக்கிளை எல்லாமும்தான். என் வகுப்பில் ‘கோட்டுத்தடம்’ என்றால் கோட்டு, சூட்டு ஞாபகம்தான் வரும். அப்புறம், ஸ்பானிய மொழியில் ‘மேசா’ என்பது உச்சி தட்டையான குன்றுக்கும் பெயர். புவியியல் புத்தகத்திலேயே இருக்கிறது. மேசையைத் துரத்தினீர்களானால் அது மலைக்குத்தான் ஓடும்!

—

அம்மா சொல்வது சரி. ஆனால் மேசை என்றால் தட்டை மட்டும்தான் மனதுக்கு வருகிறது, விழுவது வரவில்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர், 2020 ஆகஸ்ட் 7 அன்று மழையில் கரிப்பூரில் 21 பேர் இறந்தார்கள். இரண்டிலும் விமானம் முனை தாண்டிச் சரிந்தது. அந்த விளிம்பு சொல்லில் வேண்டும்.

—

அப்படியானால் திண்ணை! எங்கள் தாத்தா மத்தியானம் புரண்டு படுத்து நேராகத் தெருவில் விழுந்தார். ‘திண்ணை ஓடுபாதை’ என்றால் விளக்கமே வேண்டாம்.

—

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். திண்ணைக்கு ஒரு பக்கம் சுவர் உண்டு. மங்களூரில் சுவர் எங்கே? இரண்டு முனையும் பள்ளம். நேபாளத்து லுக்லாதான் அசல் திண்ணை. 527 மீட்டர் ஓடுபாதை. மேல்முனையில் மலை, கீழ்முனையில் பள்ளத்தாக்கு. தட்டையும் கிடையாது, சரிவு 11.7 சதவீதம், முனைக்கு முனை 60 மீட்டர் உயர வித்தியாசம். ஏற்றத்தில் இறங்குவார்கள், இறக்கத்தில் ஏறுவார்கள். (தமிழில் இதை எழுதும்போதே தலை சுற்றுகிறது.) ஏற்றமே பிரேக் மாதிரி. கரிப்பூருக்கு அந்த வசதி இல்லை. அங்கே முனைக்கு அப்பால் எத்தனை மீட்டர் வெற்றுநிலம் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் உயிர். 240 மீட்டர் என்பது பரிந்துரை, 90 கட்டாயம். பெயரை விடுங்கள், இதை நூலில் போட்டீர்களா?

—

போட்டேன் அண்ணே, மூன்றாம் பக்கம். பெயரை மட்டும் விட முடியவில்லை, அத்தியாயத் தலைப்பே அதுதான். ‘மேசைமேட்டு ஓடுபாதை’ என்று முடிக்கட்டுமா? மேசையால் தட்டை, மேட்டால் விளிம்பு. திண்ணையை லுக்லா படத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

—

சரி. தூக்கம் வருகிறது.

—

எனக்கும் சம்மதம். ஆனால் செய்தித்தாள் ‘டேபிள் டாப்’ என்றுதான் எழுதும், பாருங்கள்.

—

நான் உடன்படவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். என் அகராதிக் குறிப்பில் கோட்டுத்தடம்தான். உங்கள் சொல்லையே வைத்தாலும் புணர்ச்சி எங்கே? குற்றியலுகரம் உயிர் வரக் கெடும். ‘மேசைமேட்டோடுபாதை’ என்று சேர்த்து எழுதுங்கள்.

—

ஐயா, அதைப் பிள்ளைகள் ‘மேசை மேட்டோடு பாதை’ என்று படிப்பார்கள்.